கடைசி சீட்டும் ஹேமாவின் பையும்

காலை ஆறேகால் மணி. நாங்கள் குடியிருக்கும் மர்பி டவுன் மைதானத்து ஓரமாக எங்கள் பஸ் நிற்கிறது. டிரைவர் கங்கப்பா முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறார். உள்ளே ஒருவரும் இல்லை. நான் படியேறி, நாற்பது காலி சீட்டுகளை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். வேலைக்குப் போகும் முதல் நாள் அது. காலில் புதுச் செருப்பு, மடியில் சாப்பாட்டு டப்பா.

பின்னாலேயே ஏறிய எங்கள் தெரு கமலாக்கா என் தோளைத் தட்டினாள்.

"அங்க இல்ல பாப்பா. நம்ம எடம் பின்னால."

"எல்லாமே காலியாத்தானே இருக்குது?"

"காலியாத்தான் இருக்கும். நீ வா."

போனேன். அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை. புது வேலை, புதுச் செருப்பு, புது பயம். கேள்வி கேட்க அதில் இடமில்லை.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கும் கமலாக்காவுக்கும் இன்றுவரை சண்டை வரும். மழைக்காலம் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை.

யாருடைய பஸ்

அது கம்பெனி பஸ் அல்ல. ஹெப்பகோடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பக்கத்துப் பேட்டை அல்சூர்க்காரர்கள் சேர்ந்து மாத வாடகைக்குப் பேசியிருந்த தனியார் பஸ். பாஸ் எடுத்தால் யாரும் போகலாம். அல்சூரிலிருந்து இருபத்தெட்டு பேர் ஏறுவார்கள். மர்பி டவுனிலிருந்து நாங்கள் ஏழு பேர், ஏழும் பெண்கள். அல்சூர்த் தெருக்களில் பஸ்ஸை நிறுத்தி வைக்க இடம் கிடைக்காததால், வேலை முடிந்தால் அது எங்கள் மைதானத்தில்தான் நிற்கும். அதனால் தினமும் முதலில் ஏறுவது நாங்கள். ஏறி, காலி சீட்டுகளையெல்லாம் கடந்து கடைசிக்குப் போவதும் நாங்கள்.

கடைசி நீளச் சீட்டில் ஆறு பேர் உட்காரலாம். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்தோம். சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த சீட் அது. மடிவாளா தாண்டிய பிறகு பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடும். என் டப்பாவின் மூடி வேறு லூஸ். வாரத்தில் இரண்டு நாள் என் சாம்பார் பையிலேயே ஊற்றிக்கொள்ளும்.

எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. பஸ் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதன் பெரிய மனிதர் மாதவன் சார், ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவர் ஆரம்பத்திலேயே, "மர்பி டவுன் ஆளுங்க பின்னால உக்காந்துக்கட்டும்" என்று சொன்னாராம். அவ்வளவுதான். எங்களில் நான்கு பேர் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கினார்கள், கக்கூஸ் கழுவினார்கள். அதைக் காரணமாகச் சொல்லலாம் என்றால், மற்ற மூன்று பேர் மாத்திரை பாக்கிங்கில் இருந்தோம். எங்களுக்கும் அதே சீட்தான். ஜாதி என்ற சொல்லை அந்த பஸ்ஸில் ஒருவர்கூட உச்சரித்து நான் கேட்டதில்லை. எங்கள் பேட்டையின் பெயரே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஒரு பெயர், ஒரு மேஜை

'உங்கள் அப்பாவின் சைக்கிளைப் பற்றி இந்தத் தொடரில் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினீர்களே, உங்கள் பெயர்க் காரணத்தை ஏன் சொல்லவில்லை?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம். பக்கத்து வீட்டில் முருகன், எதிர் வீட்டில் மாதா. அப்பா எனக்கு யசோதரா என்று பெயர் வைத்தார். புத்தர் விட்டுவிட்டுப் போன மனைவியின் பெயரைத் தேடிப் பிடித்து மகளுக்கு வைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அம்மா அந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்கவே இல்லை. எல்லோருக்கும் நான் யசோ.

தொழிற்சாலையில் என் மேஜைக்கூட்டாளி ஹேமா. அல்சூர்ப் பெண், என் வயசு. எட்டு மணி நேரம் முழங்கை இடிக்க ஒரே மேஜையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போடுவோம். அவள் எலுமிச்சைச் சாதத்தில் பாதி எனக்கு, என் அம்மாவின் முட்டைப் பொரியலில் பாதி அவளுக்கு. சாயங்காலம் மணி அடித்ததும் இருவரும் பேசிக்கொண்டே கேட்வரை நடப்போம். பஸ் படியில் கால் வைத்ததும் பேச்சு நிற்கும். அவள் நான்காவது வரிசைக்குத் திரும்புவாள், நான் நேரே போவேன். மறுநாள் காலை மேஜையில் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக அவளைப் பிடித்தும் இருந்தது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

நனைந்த யூனிபார்ம்

ஒரு நாள் நல்ல மழை. பஸ்ஸின் பின்கண்ணாடி போன வாரமே உடைந்து, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். டிரினிட்டி சந்திப்பைத் தாண்டும் முன்பே ஷீட் கிழிந்து, மழை எங்கள் கழுத்தில் இறங்கியது. அன்று ஏதோ பண்டிகைக்கு மறுநாள். அல்சூரிலிருந்து பாதிப் பேர்தான் ஏறியிருந்தார்கள். முன்னால் ஏகப்பட்ட காலி.

கமலாக்கா எழுந்து போய் ஏழாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

மாதவன் சார் திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. அவர் எப்போதும் கத்துகிறவர் அல்ல. "அது நம்ம சேகர் எடம்மா. நாளைக்கு வந்துடுவான்" என்றார்.

"இன்னிக்கு வரலியே சார்."

"பழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அக்கா எழுந்து வந்தாள். வராத சேகரின் சீட் நனையாமல் ஹெப்பகோடி வரை வந்தது. நாங்கள் சொட்டச் சொட்ட இறங்கினோம்.

மாத்திரை பாக்கிங்கில் ஈரம் ஆகாது. சூப்பர்வைசர் என்னை வாசலிலேயே நிறுத்தி, அரைநாள் சம்பளம் வெட்டி, என் வருகை அட்டையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். நான் அப்போது தற்காலிக ஊழியர். ஆறு மாதத்தில் மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோடு விழாவிட்டால் வேலை நிரந்தரம். அப்பா நெஞ்சு வலியால் வேலையை விட்டிருந்த நேரம் அது. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

ஹேமா மேஜையில் எனக்காகக் கைக்குட்டை எடுத்து வைத்திருந்தாளாம். மத்தியானம் நான் உள்ளே போனபோது கொடுத்தாள். வாங்கித் தலையைத் துவட்டினேன். ஈரமாகவே மடித்து அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

வாயைத் திறக்கக் கூடாது

அன்று சாயங்காலம் ஏழு பேரும் கமலாக்கா வீட்டில் கூடினோம். அக்கா தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் எங்கள் தெருவின் தனிப்பெரும் சக்தி. அவள் சொன்ன யோசனைதான் எங்களை ஆச்சரியப்படுத்தியது.

"சண்டை வோணாம். ஒரு பேச்சு பேசக் கூடாது. திட்டினாலும் பேசக் கூடாது. ஏறறோம், முன்னால ஜன்னலோரமா ஆளுக்கொரு சீட்ல குந்தறோம். பக்கத்து சீட்ட காலியா உடறோம். வந்து குந்தினா குந்தட்டும். குந்தலன்னா நிக்கட்டும். நாம யாரையும் எழுப்பல, தள்ளல."

"நீ பேசாம இருப்பியாக்கா?" என்று கேட்டேன்.

"வாயில வெத்தல போட்டுக்கறேன்."

இவ்வளவு திட்டம் போட்ட பிறகு மறுநாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடியற்காலை ஏழு பேரும் கம்பீரமாக பஸ் ஏறினோம். வரிசையாக நடந்தோம். உட்கார்ந்தோம். நிமிர்ந்து பார்த்தால், ஏழு பேரும் கடைசி சீட்டில் இருக்கிறோம்.

கால்கள் அதுபாட்டுக்குப் பழக்கமான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டன. ஒருவரை ஒருவர் பார்த்தோம். எழுந்து முன்னால் போவதற்குள் கங்கப்பா வண்டியை எடுத்து, அல்சூரும் வந்து, ஆட்கள் ஏறிவிட்டார்கள். வெற்றிலையோடு அக்கா சிரித்த சிரிப்பில் என் யூனிபார்ம் புள்ளி புள்ளியாகச் சிவந்தது. ஹெப்பகோடி வரை சிரித்தோம். முன்னால் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கு மறுநாள் அக்கா முதலில் ஏறி, ஐந்தாவது வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்து நடைவழியை அடைத்து நின்றுகொண்டாள். "யாருக்கும் வழி கெடயாது. அங்கயே குந்துங்க." அப்படித்தான் நான் மறுபடியும் மூன்றாவது வரிசை ஜன்னலுக்கு வந்து சேர்ந்தேன்.

பஸ் நின்றது

அல்சூர் மார்க்கெட் நிறுத்தத்தில் கதவு திறந்தது. முதலில் ஏறியவர் எங்களைப் பார்த்து நின்றார். அவர் முதுகில் அடுத்தவர் முட்டினார். ஒருவழியாக எல்லோரும் உள்ளே வந்து, எங்கள் பக்கம் தவிர மற்ற சீட்டுகளை நிரப்பினார்கள். எட்டொன்பது பேர் மிச்சம். ஹேமாவும் மாதவன் சாரும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஏழு இடம் காலி, கடைசி சீட் முழுக்கக் காலி. கடைசி சீட் நாங்கள் உட்கார்ந்து பழகியது. எனவே அதுவும் ஆகாது. நின்றார்கள்.

"எழுந்து உங்க எடத்துக்குப் போங்கம்மா" என்றார் மாதவன் சார்.

நாங்கள் ஜன்னல் வழியாக அல்சூர் ஏரிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் தாடை மட்டும் அசைந்தது.

"கங்கப்பா, வண்டிய எடுக்காதே."

கங்கப்பா கன்னடக்காரர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். "எல்லாரூ கூத்கொள்ளி சார், ஹோகோணா" என்றார். எல்லோரும் உட்காருங்கள், போகலாம் என்று அர்த்தம். அதைவிட எளிமையாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் வாடகை கொடுக்கும் கமிட்டி சொன்னதை மீறவும் அவரால் முடியாது. அரைமணி நேரம் பஸ் நின்றது. கடைசியில் அவர்களுக்கே நேரம் தாங்காமல் கிளம்பினோம்.

எட்டு மணி டியூட்டிக்கு எட்டு இருபதுக்குப் போனேன். இரண்டாவது சிவப்புக் கோடு.

பை

அதன்பின் ஒரு வாரம் அவர்கள் நின்றே வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது லேசான காரியமா? பிரேக் போடும்போதெல்லாம் எங்கள்மேல் சாய்வார்கள், உடனே நிமிர்வார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக எழுந்துகொள்ள மனம் வரவில்லை.

நம் ஊர் பஸ்களில் ஒரு பழக்கம் உண்டு. நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். யார் எவர் என்று கேட்பதில்லை. கேட்காமலே கைநீட்டி வாங்குவோம், கேட்காமலே கொடுப்பார்கள்.

மூன்றாவது நாள் ஹேமா என் சீட்டருகே நின்றாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, தோளில் இன்னொன்று. பொம்மனஹள்ளியில் ஒரு பெரிய பள்ளம். தடுமாறினாள். எனக்கு யோசிக்க நேரமில்லை, கை நீண்டுவிட்டது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பையை என் மடியில் வைத்தாள்.

உள்ளே எலுமிச்சைச் சாதம் சூடாக இருந்தது. தொடையில் அந்தச் சூடு தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஏறியதும் பையைக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு பேர் அக்காவிடம் கொடுத்தார்கள். உட்கார மாட்டார்கள், பையை மட்டும் கொடுப்பார்கள். தங்கள் சாப்பாட்டை எங்கள் மடியில் வைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்காராமல் நின்றார்கள். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாதவன் சார் இதைக் கவனித்திருக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில், அல்சூரில் எல்லோரும் ஏறிய பிறகு படியருகே நின்று அறிவித்தார்.

"இன்னிக்கு இதுக்கொரு முடிவு தெரிஞ்சாதான் வண்டி கெளம்பும்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் போனது. பதினைந்து. முன் சீட்டிலிருந்த கமலாக்கா திரும்பி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சொன்னாள்.

"யசோ, நீ வோணும்னா பின்னால போயிடு. மூணாவது கோடு உழுந்துட்டா உன் வேல போயிடும். நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

நான் போகவில்லை. வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுந்துவிடத்தான் மனம் துடித்தது. அப்பாவின் முகம் கண்ணில் நின்றது. ஆனால் மடியில் ஹேமாவின் பை இருந்தது. எழுந்தால் அதை எங்கே வைப்பது? அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் கடிகாரத்தையே பார்ப்பதை ஹேமா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புக் கோடுகளை என் அட்டையில் தினமும் பார்ப்பவள் அவள்.

"சார்" என்றாள் மாதவன் சாரிடம். குரல் எழும்பவே இல்லை. "நேரமாவுது சார். என் பை இவகிட்டதான் இருக்குது. நானும் இங்கயே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தாள். முழங்கை இடித்தது, மேஜையில் இடிக்கிற அதே முழங்கை.

மாதவன் சார் பேச வாயெடுப்பதற்குள் கங்கப்பா கியர் போட்டார். அன்று அந்த மனிதர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, ஓசூர் ரோட்டில் லாரிகள் ஒதுங்கின. எட்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது நான் அட்டையை நீட்டினேன். மூன்றாவது கோடு விழவில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தை அப்பா புத்தர் படத்துக்குக் கீழே குத்தி வைத்தார். அம்மா அன்று ஒருநாள் என் பெயருக்காக அவரைத் திட்டவில்லை.

பின் சீட்டில் ஒருவர்

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. காலி சீட் இருந்தது, கால் வலித்தது, உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் ஹேமாவும் நானும் ஜன்னலுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு என்று ஏற்பாடு. அவள் அதை ஒழுங்காக மதித்ததே இல்லை.

மாதவன் சார் மட்டும் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தார். முழங்கால் வலிக்காரர். எத்தனை நாள் தாங்கும்? ஒரு காலையில் பார்த்தால், கடைசி நீளச் சீட்டின் ஜன்னல் மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதற்காக எங்கள் பழைய சீட்டுக்கே போய்விட்டார். கமலாக்கா அதைப் பார்த்து வெற்றிலையை விழுங்கிவிட்டாள்.

மாதங்கள் போயின. பஸ்ஸில் புதுசாக ஆட்கள் சேர்ந்து கடைசி சீட்டும் நிரம்பத் தொடங்கியது. ஒரு நாள் நான் தூங்கிப்போய், மைதானத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு, குறுக்கு வழியாக ஓடி அல்சூரில் ஏறினேன். என் ஜன்னலில் ஹேமா. பக்கத்தில் யாரோ புதுப் பெண். ஹேமா உதட்டைப் பிதுக்கிச் சிரித்தாள். உட்கார எங்கும் இடமில்லை. நகர்ந்து நகர்ந்து பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றேன்.

எதிரே மாதவன் சார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மடிவாளா தாண்டியது. முதல் பள்ளத்தில் நான் ஒரு ஆட்டம் ஆடி நின்றேன்.

"பையக் குடும்மா" என்றார்.

கை நீண்டிருந்தது. எனக்குத் தயக்கம். அன்று அம்மா வைத்திருந்தது கருவாட்டுக் குழம்பு. மூடியோ பழைய லூஸ் மூடி. வாசனை ஏற்கனவே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. கொடுக்காமல் இருந்தால் அவர் நீட்டிய கை என்னாவது? கொடுத்தேன்.

அவர் வாங்கி மடியில் வைத்தார். மூக்கு லேசாகச் சுருங்கியது.

"கருவாடா?"

"ஆமா சார். மூடி சரியா நிக்காது. பாத்து."

அடுத்த பள்ளம் வந்தது. சீட் அவரைத் தூக்கிப் போட்டது. மாதவன் சார் டப்பாவை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"இந்த சீட்டு இப்பிடித்தான் தூக்கும். நீ கம்பியப் புடி" என்றார். "கொட்டாம நான் பாத்துக்கறேன்."